லோடு அந்தரத்தில் இருக்கும்போது

என் இடது கை தானாக முடிவெடுத்த முதல் நாளில் ஒரு ஸ்கூட்டர் செத்தது. ஆள் யாரும் சாகவில்லை. அதனால்தான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு இரும்பு யார்டில் சிக்னல்மேனாக இருந்தேன். கிரேன் ஆபரேட்டர் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். என்ஜின் போடுகிற சத்தத்தில் கீழே யார் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. கீழே நிற்கிற என் கையைப் பார்த்துத்தான் எல்லாம் செய்வான். ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினால் ஏற்ற வேண்டும். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, விரல்களை மூடி மூடித் திறந்தால் மெல்ல இறக்க வேண்டும். கை அசையாமல் இருந்தால் லோடும் அசையாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசிதான் கஷ்டம். லோடு அந்தரத்தில் தொங்கும்போது சிக்னல்மேன் ஈ ஓட்டக் கூடாது, வேர்வை துடைக்கக் கூடாது, மூக்கு அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஏழு வருஷம் மூக்கை அரிக்க விட்டுத்தான் அந்த வேலையைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

ஏழு வருஷம் நான் ஒரே இடத்தில் நின்றதே எங்கள் தெருவுக்கு ஆச்சரியம். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன். விசாகப்பட்டினம் லாரியில் கிளீனர், தூத்துக்குடியில் உப்பு வாருகிற வேலை, மங்களூரில் ஐஸ் உடைக்கிற வேலை என்று சுற்றியிருக்கிறேன். போன இடத்தில் எல்லாம் முதலில் கையைத்தான் பார்த்தார்கள். முகத்தைக் கூலி கொடுக்கும் நாளில்தான் பார்ப்பார்கள். என் கையோ பீச்சாங்கை. எல்லாவற்றுக்கும் எனக்கு இடதுதான் முன்னே வரும். சின்ன வயசில் அடித்துத் திருத்தப் பார்த்தார்கள். அடித்தவர்களுக்குத்தான் கை வலித்தது.

அன்றைக்கு ஒரு கட்டு இரும்புக் கம்பி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டியபடி அசையாமல் நிற்கிறேன். திடீரென்று விரல்கள் மூடித் திறக்க ஆரம்பித்தன. நான் சொல்லவில்லை. நிறுத்து என்று மனசுக்குள் சொன்னேன், கேட்கவில்லை. மூடித் திறந்தது, மூடித் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கையை வேடிக்கை பார்ப்பதுபோல என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இருந்த ஆபரேட்டர் சொன்ன பேச்சைத் தட்டாதவன். மெல்ல இறக்கினான். கீழே சூப்பர்வைசரின் ஸ்கூட்டர். அதற்கு மேலே சுவரில் 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று அவரே எழுதி மாட்டிய பலகை. கம்பிக் கட்டு பலகையைத் தொடவில்லை.

மறுநாள் விசாரணை வைத்தார்கள்.

"குடிச்சியா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார்."

"அப்புறம் கை எதுக்குய்யா ஆடிச்சு?"

"தெரியல சார்."

"உன் கை உனக்குத் தெரியாம ஆடுமா?"

ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எம்.கே.பி. நகர்க்காரன், என் தோஸ்து. "கை சொல்ச்சு, நான் எறக்கினேன் சார். பூ மாதிரி எறக்கினேன். வேணும்னா ஸ்கூட்டரையே கேளுங்க" என்றான். சிக்னல்மேனின் கவனக்குறைவு என்று எழுதி, எங்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். லோடு அந்தரத்தில் இருக்கும்போது கை ஆடினால் சீட்டு கிழியும் என்று எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அன்றிலிருந்து வேலை நேரத்தில் மூச்சைக்கூடக் கணக்காக விட்டேன்.

அடுத்த முறை வந்தபோது கை மட்டும் ஆடவில்லை. யார்டு வாசல் டீக்கடையில் விரல்களில் ஆரம்பித்த ஆட்டம் தோளுக்கு ஏறியது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. விழித்துப் பார்த்தால் என் மடியில் ஒரு இரும்புக் கடையே இருந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மற்ற இடத்தில் சாவிக்கொத்து தேடுவார்கள். இது இரும்பு யார்டு. ஒருவன் கொக்கியைக் கொடுத்திருக்கிறான், ஒருவன் சங்கிலியை, ஒரு புண்ணியவான் ஜாக்கியையே தூக்கிவந்து மடியில் வைத்திருக்கிறான். வலிப்பில் அடி எதுவும் படவில்லை. ஜாக்கி விழுந்துதான் கால் விரல் நசுங்கியது.

என் அக்கா ஓடி வந்தாள். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்துத் திருவொற்றியூரில் கூடை போட்டு விற்பவள். எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே உறவு, ஒரே மேலதிகாரியும் அவள்தான். ஸ்கூட்டர்காரன் கண்ணு பட்டுவிட்டது என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னாள். தெருவில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார் ஒருவர். கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். அவருக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். எது சரியானது என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் தொடை வழியாக மருந்து விட்டு, தலைக்குள் ரத்தம் ஓடுவதையே படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு பேசினால் சின்ன வியாதி, உட்கார வைத்தால் பெரிய வியாதி. இது எனக்குத் தெரியும்.

"ரத்தம் கொண்டு போற குழாய்க்கும் திரும்பி எடுத்துட்டு வர்ற குழாய்க்கும் நடுவுல தலைமுடியைவிட மெல்லிசா நிறைய குழாய் இருக்கணும். அங்கதான் ரத்தத்தோட வேகம் குறையும். உங்களுக்கு ஒரு இடத்துல அது இல்லை. வேகமா வர்ற ரத்தம் நேரா அடுத்த குழாய்க்குள்ள பாயுது. அது தாங்காம வீங்கி, முறுக்கி, சிக்கலா கிடக்கு. அது இடது கையை ஆட்டுற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கு."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "துறைமுகத்துல இருந்து வர்ற கன்டெய்னர் லாரியை மெயின் ரோட்ல விடாம எர்ணாவூர் சந்துக்குள்ள திருப்பி விட்ட மாதிரியா மேடம்?"

"அதேதான். என்னைக்கு வேணும்னாலும் ஒரு சுவர் உடையலாம்."

பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மார்க் அது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், உடையப்போகிற சுவர் என் தலைக்குள் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

"இது எப்டி வந்துச்சி?" என்றாள் அக்கா.

"பிறவியிலேயே இருந்திருக்கும்மா."

"பொறவியிலயா? எங்கம்மா ஆறு பெத்தா. ஒன்னுத்துக்கும் தலையில சிக்கு இல்ல. எண்ணெ வெச்சி வாரித்தான் வுட்டா."

"யார் தப்பும் இல்லம்மா."

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. யார் தப்பும் இல்லாத வியாதியை வைத்துக்கொண்டு அவள் யாரோடு சண்டை போடுவாள்?

மண்டையைத் திறந்தும் எடுக்கலாம், ஆனால் கையின் இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கத்தி வைக்க யோசிக்கிறோம் என்றார் டாக்டர். அதற்குப் பதில் தொடையில் சின்னதாகத் துளை போட்டு, ரத்தக் குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, நெஞ்சு, கழுத்து வழியாகத் தலைக்குக் கொண்டுபோய், சிக்கலுக்கு ரத்தம் விடுகிற கிளைகளில் பசையை விட்டு அடைப்பது.

"பசையா?" அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "செவுத்துல போஸ்டர் ஒட்டுறானே, அதுவா?"

"இல்லம்மா. இது ரத்தத்தைத் தொட்டதும் கெட்டியாயிடும். அடுத்த நொடியே நாங்க குழாயை உருவிடணும். இல்லன்னா குழாயும் அங்கேயே ஒட்டிக்கும்."

"எந்தம்பி தலையில கொழாயோட வூட்டுக்கு வருவானா?"

"வர மாட்டார். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

ஆபரேட்டருக்கு வேறு சந்தேகம். "தலையில வேலைக்கு தொடையில ஏறுவாங்களா மாமு? ராயபுரத்துல எறங்கறதுக்கு எண்ணூர்ல போயி பஸ்ஸு புடிக்கிற மாதிரி கீது."

இதற்கெல்லாம் சிரித்தேன். டாக்டர் கடைசியாகச் சொன்னதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. அடைக்கிற கிளை கைக்கும் ரத்தம் கொடுக்கிற கிளையாக இருந்துவிட்டால் இடது கை போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. பசை விடுவதற்கு முன்னால் அதே கிளையில் கொஞ்சம் மரத்துப்போகிற மருந்தை விட்டுப் பார்ப்பார்கள். கை ஆடினால் பசை விடலாம். ஆடாவிட்டால் அந்தக் கிளையைத் தொடக் கூடாது. அதற்காக என்னை முழுதாக மயக்க மாட்டார்கள், நான் விழித்திருக்க வேண்டும்.

எதற்கும் தயார் என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். இந்தக் கை போனாலும் போகலாம் என்பதற்கு இந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டேன். வலது கையால் எனக்குப் போடத் தெரியாது. அன்று சாயந்தரம் வார்டு ஜன்னலில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உப்பு அறுத்த தழும்பு, ஐஸ் கத்தி பட்ட தழும்பு, கம்பி கிழித்த தழும்பு. நான் போன ஊரெல்லாம் அதில் இருந்தது. இது போனால் எந்த ஊரிலும் என்னை வாசலைத் தாண்டி விட மாட்டார்கள்.

இரண்டு முறை நாள் தள்ளிப்போனது. இரண்டு முறையும் என்னைவிட அவசரமான தலை ஒன்று வந்துவிட்டது. மூன்றாவது முறை உள்ளே கொண்டுபோனார்கள். மீன் கெடாமல் வைக்கிற அறைபோலக் குளிர். அகலமில்லாத மேஜையில் படுக்க வைத்து, மேலே பச்சைத் துணி போட்டு, தலையை ஒரு பட்டையால் கட்டினார்கள். தொடையில் மரப்பு ஊசி. கையில் ஏதோ ஒரு மருந்து ஏறியதும், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு சுகமான கிறக்கம்.

"அசையாம இருக்கணும். நான் சொன்னா மட்டும் கையை ஆட்டணும்" என்றார் டாக்டர். முதல் பாதி என் காதில் நன்றாக விழுந்தது.

கண்ணை ஓரமாகத் திருப்பினால் ஒரு திரை தெரிந்தது. சாம்பல் நிறத்தில் என் மண்டை. அதற்குள் அந்தக் குழாய் ஒரு கறுப்புக் கம்பியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. உதவிக்கு நின்ற சின்ன டாக்டர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா கையால் நகர்த்தினார். "மெல்ல... மெல்ல... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க." எனக்கு உடம்பே விறைத்துக்கொண்டது. இந்தப் பேச்சு எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகக் கையால் பேசிய பேச்சு. லோடு அந்தரத்தில் தொங்குகிறது. அதுவும் என் தலைக்குள் தொங்குகிறது.

மரத்துப்போகிற மருந்தை விட்டார்கள் போல. டாக்டர் கேட்டார். "இப்ப இடது கையை மூடித் திறங்க."

மூடித் திறப்பதா? மூடித் திறந்தால் மெல்ல இறக்கு. இங்கே எதை இறக்குவது? எங்கே இறக்குவது? தெளிவாக இருந்திருந்தால் இந்த டாக்டரம்மாவுக்கு எங்கள் யார்டு சிக்னல் தெரியாது என்று யோசித்திருப்பேன். கிறக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேலே லோடு, கீழே கை. சீட்டு கிழியும். கையை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"மூடித் திறங்க. கேக்குதா?"

நன்றாகவே கேட்டது.

"கை ஆடல மேடம்" என்றார் சின்னவர்.

"இந்தக் கிளை வேண்டாம். மருந்து தெளியட்டும், இருங்க."

சும்மா இருந்தார்கள். கம்பியும் திரையில் அப்படியே நின்றது. சில நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். கம்பி இன்னும் அங்கேதானே நிற்கிறது? நான் கையை அசைக்கவில்லை. டாக்டரின் குரல் மாறியது. மருந்து தெளிந்திருக்க வேண்டும், ஏன் இன்னும் ஆடவில்லை என்று சின்னவரோடு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். டாக்டர்கள் இங்கிலீஷுக்குப் போனால் நோயாளி பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு என்ன பயம்?

அவர் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். "கையை ஆட்ட முடியலையா உங்களுக்கு?"

"முடியும் மேடம்."

"அப்புறம் ஏன் ஆட்டல?"

"லோடு மேல கீது மேடம்."

"என்ன லோடு?"

"உளர்றார் மேடம்" என்றார் சின்னவர். கை போய்விட்டது, இப்போது புத்தியும் போய்விட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

நர்ஸை வெளியே அனுப்பினார்கள். வெளியே அக்காவும் ஆபரேட்டரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் "உங்க ஆளு லோடு, லோடுங்கறாரு, கையை ஆட்ட மாட்டேங்கறாரு, இதுக்கு முன்னாடி இப்படிப் பேசியிருக்காரா?" என்று கேட்டாராம். அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாளாம். ஆபரேட்டர் மட்டும் சிரித்திருக்கிறான்.

"சிஸ்டர், அவன் டூட்டில கீறான். டாக்டரம்மாவை கையில கீறதை கீழ வெச்சிட்டு, லோடு எறங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. கை தானா ஆடும்."

நர்ஸ் வந்து இதை அப்படியே சொன்னார். டாக்டரம்மா என்ன நினைத்தார் என்று தெரியாது. எத்தனை வருஷம் படித்திருப்பார், எத்தனை தலைக்குள் போய் வந்திருப்பார். அவர் குழாயைச் சின்னவர் பிடியில் விட்டுவிட்டு, இரண்டு கையையும் எனக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். குரலைச் செருமிக்கொண்டார்.

"லோடு இறங்கிடுச்சு."

நான் கையை மூடித் திறந்தேன். மூடித் திறந்தேன். போதும் போதும் என்கிற வரைக்கும் செய்தேன்.

பச்சை முகமூடிக்கு மேலே அவர் கண் சுருங்கியது. சிரித்தாரா, என் மேல் கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. "சரி, உங்க சிக்னல்ல இல்லாத ஒண்ணு சொல்லுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். கட்டைவிரலையும் சுண்டு விரலையும் சேர்ப்பதற்கு எங்கள் யார்டில் அர்த்தமே கிடையாது. அதையே வைத்துக்கொள்வது என்று முடிவானது.

மறுபடியும் முதலிலிருந்து. அதே கிளையில் மருந்து. "சேருங்க." கட்டைவிரல் சுண்டு விரலைத் தொட்டது. வேண்டாம் என்று ஒதுக்க இருந்த கிளை அது. அதற்குள் பசை போனது. தலைக்குள் சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். திரையில் அந்தக் கிளை இலை உதிர்வதுபோல மறைந்தது. குழாயை உருவினார். ஒட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது கிளையில் கம்பி போய் நின்றது. மருந்து. "சேருங்க."

சேர்த்தேன். சேர்த்ததாகத்தான் நினைத்தேன்.

"சேருங்க."

"சேத்துட்டேன் மேடம்."

"இல்லை" என்றார் அவர், மெதுவாக.

கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். பச்சைத் துணிக்கு மேல் ஒரு கை கிடந்தது. என் தழும்புகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அது மேஜை மேல் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. எழு என்றேன். மடங்கு என்றேன். கெஞ்சினேன். வேலை நேரத்தில் நான் கை கட்டி நின்றதில்லை, எந்த முதலாளியிடமும் இப்படிக் கெஞ்சியதும் இல்லை. டாக்டரம்மா கம்பியைப் பின்னால் இழுத்தார். "இதை விட்டுடுவோம். இது உங்க கையோடது."

பிறகு காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. முதலில் சுண்டு விரல் துடித்தது. அப்புறம் கட்டைவிரல், குடித்துவிட்டு வீடு தேடி வருகிறவன்போலத் தடுமாறித் தடுமாறி வந்து அதைத் தொட்டது. "வந்துடுச்சு மேடம்" என்றார் சின்னவர். முன்னே என்னை உளறுகிறார் என்று சொன்னவர்தான். அவர் குரலும் கொஞ்சம் உளறியது.

தொடையில் மணல் மூட்டையை வைத்துக் காலை மடக்காதே என்று படுக்கப் போட்டார்கள். அக்கா வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. கையை எடுத்து, மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு விரலாகத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். பிறகுதான் முகத்துக்கு வந்தாள்.

சிக்கல் முழுதாக அடையவில்லை. பெரும்பகுதி அடைந்தது. கையோடு ஒட்டிய பகுதி மிச்சம் இருக்கிறது. அதற்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், பட்டியலில் பெயர் இருக்கிறது. என்னைவிட அவசரமான தலைகள் முன்னால் போய்க்கொண்டிருக்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. மாத்திரை போடுகிறேன். வலிப்பு எப்போதாவது விரல் நுனி வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

யார்டில் என்னைக் கிரேன் பக்கம் விடுவதில்லை. டாக்டரும் விடக் கூடாது என்றுதான் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். "அப்ப அன்னிக்கு நெஜமாவே உன் கை உனக்குத் தெரியாமத்தான் ஆடிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். விசாரணைத் தாளை மட்டும் யாரும் திருத்தவில்லை. அதில் இன்னும் கவனக்குறைவுதான். எனக்கு வாசலில் லாரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிற வேலை கொடுத்தார்கள். ஏற்று, இறக்கு, அவ்வளவுதான். யாரும் என் கையைப் பார்த்து எதையும் செய்வதில்லை. மறுபடி எங்கேயாவது கிளம்பிவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது. இந்தத் தலையை எடுத்துக்கொண்டு தூரமாகப் போகப் பயம். அதனால் இருக்கிறேன்.

போன வாரம் சூப்பர்வைசர் புது ஸ்கூட்டர் வாங்கினார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, அதே பலகைக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். மேலே ஒரு கட்டுக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. கிரேனுக்குக் கீழே புது சிக்னல்மேன் கையை நீட்டிக்கொண்டு சிலைபோல நின்றான். அவன் மூக்கில் வேர்வை வழிவது வாசலில் இருந்த எனக்கே தெரிந்தது.

ஆபரேட்டர் கூண்டுக்குள்ளிருந்து பழக்கத்தில் என் பக்கம் திரும்பினான். ஸ்கூட்டரைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பல்லைக் காட்டினான்.

எனக்கும் மூக்கு அரித்தது. லோடு அந்தரத்தில் இருந்தது. இடது கையைத் தூக்கி, அவசரமே இல்லாமல், நன்றாகச் சொறிந்துகொண்டேன்.